முள் அசையவில்லை

செண்டாய், ஜப்பான்
03.08.2025

அன்பின் அண்ணைக்கு,

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் வரவில்லை என்று கைபேசியில் என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். வலை இழுக்க எல்.ஈ.டி. விளக்கைப் போட்டதும் படகு ரேடியோ இரைகிறதாம். நீங்கள் ரேடியோவையே நிறுத்திவிடுகிறீர்களாம். அண்ணி சொன்னா. ஆபத்தில் யாராவது கூப்பிட்டால்?

இத்துடன் வரும் கறுப்புத் தாள் எங்கள் ஆய்வுகூடத்தில் செய்தது. மெல்லிய காந்தப் படலம். விளக்கு கிளப்பும் மின் இரைச்சலை விழுங்கி இலேசான சூடாக மாற்றிவிடும். விளக்கின் மின்பெட்டிக்குள், சிப்பின்மேல் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். கோபம் என்னோடு இருக்கட்டும், தாளோடு வேண்டாம்.

உங்கள் தங்கச்சி
தாரிகா


மயிலிட்டி
யாழ்ப்பாணம்
25.08.2025

தாரிகாவுக்கு,

பார்சல் கிடைத்தது. என் படகில் காந்தம் ஏறாது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் அப்பா மீன் வெட்டும் கத்தியைக்கூட வைக்க விட்டதில்லை. ஜி.பி.எஸ். நின்றால் எனக்கு அந்த முள்தான் வழி. மார்க்கண்டு மச்சான், "ஒருக்கா ஒட்டித்தான் பாரன்" என்கிறான். அவனுக்கென்ன, இளையதம்பி மாமாவும் அவனும், தகப்பனும் மகனுமாக என் பக்கத்தில்தானே வலை விடுகிறார்கள். தாள் உன் அண்ணியின் அலுமாரியில் கிடக்கிறது.

சிவரூபன்


செண்டாய்
12.09.2025

அன்பின் அண்ணைக்கு,

இது ஸ்பீக்கர் காந்தம் இல்லை. முள்ளை இழுக்கும் பலம் இதற்குக் கிடையாது. திசைகாட்டியை மேசையில் வைத்து, ஒரு சாண் தள்ளித் தாளைப் பிடித்துப் பாருங்கள். முள் திரும்பினால் எரித்துவிடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். வாடைக்காற்று வரப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை.

தாரிகா


மயிலிட்டி
28.11.2025

அன்பின் தங்கச்சிக்கு,

போன மாதம் ஒரு விடியற்காலை மார்க்கண்டுவின் படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. "மச்சான், தண்ணி ஏறுது, ஓடி வா" என்று ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஆகக் கிட்ட நின்றது நான்தான். விளக்கைப் போட்டு, ரேடியோவை நிறுத்தி, வலை இழுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் நின்ற பருத்தித்துறைப் படகுக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் வந்து மார்க்கண்டுவைத் தூக்கினார்கள். இளையதம்பி மாமாவை உயிரோடு தூக்க முடியவில்லை.

தன் தகப்பனின் அந்தியேட்டி முடிந்த அன்று உன் அண்ணி அலுமாரியைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நான் திசைகாட்டியைக் கொண்டுவந்தேன். ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். பிறகு அரைச் சாண். முள் அசையவில்லை.

ஒட்டிவிட்டேன். இப்போது விளக்கு எரியும்போதே எல்லாப் படகும் கதைப்பது கேட்கிறது. மார்க்கண்டு வேறு படகில் வருகிறான், எல்லாரோடும் கதைக்கிறான். நான் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். நீயாவது என்னோடு கதை.

அண்ணை