மோகன் பெயர் போட்ட அட்டைப்பெட்டி

14.8.2002, புதன், இரவு

மூத்த பேரன் மோகன் சிங்கப்பூரில் வெல்டர். அவன் தங்கை கலா நர்ஸ் படிக்கிறாள், வகுப்பில் அவள்தான் முதல். கடைக்குட்டி சேகர் பத்தாவது பாஸ். எங்கள் வம்சத்தில் இதெல்லாம் யார் செய்தார்கள்?

கலா கொண்டுவந்த நாய்க்குட்டிக்குத்தான் படுக்கப் பெட்டி அமையவில்லை. நேற்று ராத்திரி ஒரே அழுகை. பக்கத்து வீட்டு மேரி காலையிலேயே வந்துவிட்டாள்.

"இன்னா ஆயா, தூக்கமே இல்லாம பேஜாரா பூட்ச்சு. இன்னிக்கும் கத்துச்சின்னா ஹார்பராண்ட உட்டுட்டு வந்துரு."

மகன் காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். எவ்வளவு தேய்த்தும் கவிச்சி போகவில்லை. நாலு பூனைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டன. குட்டி நடுங்கிப்போனது.

கலா பீரோ மேலே பார்த்தாள். மோகன் கப்பலில் அனுப்பிய டிவியின் அட்டைப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. அதில் அவன் பெயர் பெரிசாக எழுதியிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

"அத்தத் தொடாதடி."

"காலிப் பெட்டிய வெச்சுகினு இன்னா பண்ணப்போற ஆயா? குட்டி போச்சுன்னா நானும் ஹாஸ்டலுக்குப் பூடுவேன்."

இறக்கிக் கொடுத்தேன். பெயர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். குட்டி சத்தமில்லாமல் தூங்குகிறது. ஆனால் அதற்குள் மூத்திரம் போய், மோகன் பெயர் ஊறிவிட்டது. பீரோ மேலே வெறிச்சென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினால், புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும். பெரிசாக.