வேகாத பருப்பு

வீரபாண்டி,
14.6.1994

சிரஞ்சீவி சென்னிமலைக்கு, உன் தாயார் வள்ளியாத்தாள் உரிய ஆசிகளுடன் எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாதம் கடந்தும் பதில் எழுதாத தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். இவ்விடம் யாவரும் நலம் என்று முதல் வரியை எழுதி இரண்டு முறை கிழித்துவிட்டேன். உன் தகப்பனாரின் உடல்நிலை அவ்வாறு எழுத இடம் தரவில்லை.

நம் பகுதியில் புதிதாக என்னென்ன சாப்பாட்டுக் கடைகள் வந்திருக்கின்றன என்று கேட்டிருந்தாய். அவற்றை நான் அறிய நேர்ந்த விதமே இக்கடிதத்தின் பொருள். சித்திரையில் அப்பாவுக்குக் கால்கள் வீங்கின. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாகவும் உப்பை அறவே குறைக்க வேண்டுமென்றும் டாக்டர் கண்டித்துச் சொன்னார். அன்று முதல் அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம் எதிலும் நான் உப்புப் போடவில்லை. அவரும் முகம் சுளிக்காமல் உண்டார். "பரவால்லியே, உப்பில்லாமயே ருசியா ஆக்கறயே" என்று பாராட்டவும் செய்தார். ஆயினும் அடுத்த பரிசோதனையில் அழுத்தம் மேலும் ஏறியிருந்தது. "ஊட்டுல உப்பே போடறதில்லீங்க" என்றேன். "அப்ப வெளியில திங்கறாருங்கம்மா" என்றார் டாக்டர்.

என் சமையலை விட்டுக் கடைச் சோறா என்ற சினத்தோடு புறப்பட்டேன். பனியன் கம்பெனி ஆட்களை நம்பி வந்த கடைகள் பல. ஜமால் அவர்களின் பிரியாணிக் கடையிலும், வடநாட்டுத் தொழிலாளர்களுக்காகத் திறந்த ரொட்டிக் கடையிலும் அவர் வந்ததே இல்லை என்றார்கள். கடைசியாக, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பாண்டியம்மாள் நடத்தும் மெஸ்ஸுக்குப் போய், என் வீட்டுக்காரருக்கு இலை போடாதே என்றேன். "ஏக்கா, அவரு இந்தப் படிய மிதிச்சதே இல்ல. வந்தது வந்துட்டீக, நீங்களாச்சும் உக்காந்து சாப்புடுங்க, இன்னைக்கு ஏவாரம் வேற மந்தம்" என்று சிரித்தாள்.

குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். சாம்பாரில் பருப்பு வெண்ணெயாகக் கரைந்திருந்தது. எவ்வளவு ஆப்பச் சோடா போடுகிறாய் என்று கேட்டேன். "பருப்புக்கு எதுக்குக்கா சோடா? லாரித் தண்ணியில தானா வேகுதே" என்றாள். நம் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு வருடங்களாகவே பருப்பு வேகவில்லை. பழைய பருப்பென்று மளிகைக்காரரைத் திட்டிவிட்டு நாள்தோறும் சோடா போட்டே வேகவைத்து வந்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீரை வாணலியில் வற்றக் காய்ச்சி, அடியில் வெள்ளையாகப் படிந்ததை நாக்கில் வைத்தேன். கரித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய உவர்ப்பு எங்கள் நாக்குக்குப் பழகிவிட்டிருக்கிறது. அழுத்தத்துக்குச் சோடாவும் ஆகாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

கிணறு எதனால் கெட்டது என்பதை எழுதக் கை கூசுகிறது. நீ ஷார்ஜா வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில், கிணற்றுக்கு மேற்கே எழுந்த நம் சாயப்பட்டறையின் கழிவுநீரால்தான். அப்பாவுக்கு இது முன்னரே தெரிந்திருக்கிறது. வாணலியைக் காட்டியதும், "பையன் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே. இதைய அவனுக்கு எழுதுனீன்னா இந்த ஊட்டுல நாங் கை நனைக்க மாட்டேன்" என்றார். இப்போது லாரித் தண்ணீர் வாங்கிச் சமைக்கிறேன். "சப்புனு இருக்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரையே சொம்பு சொம்பாகக் குடிக்கிறார். கிணறு கெட்டதென்று ஒப்புக்கொண்டால் பட்டறையை மூட நேருமே என்ற பிடிவாதம். நேற்று அவர் கால் செருப்புக்குள் நுழையவில்லை. இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது என்கிறார் டாக்டர்.

உன் நான்கு வருட உழைப்பு அந்தப் பட்டறையில் கிடக்கிறது என்பதை நான் அறியாதவள் அல்ல. ஆயினும் அதை நிறுத்தச் சொல்லி நீ எழுதினால் மட்டுமே அவர் கேட்பார். நான் எழுதியதை அவரிடம் மறைக்க வேண்டாம். சொன்னபடி இந்த வீட்டில் அவர் கை நனைக்காவிட்டால் போகட்டும். பாண்டியம்மாள் மெஸ்ஸுக்கு நானே அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வைப்பேன். அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர்.

நீ நீடூழி வாழ்க. வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

இங்ஙனம்,
உன் தாயார்,
வள்ளியாத்தாள்

இதைப் படித்தவுடன் பதில் எழுது.