பின்சீட்டில் ஒரு குளிர்காலம்

டிசம்பர் 8, திங்கள்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் ஒட்டிக்கொண்டு போகவில்லை.

என் கணவரின் அக்கா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, “புருஷனும் பொண்டாட்டியும் ஞாயித்துக்கிழமை எங்கயாவது நிம்மதியா போய்ட்டு வரலாம்னா, இவ மொத ஆளா மப்ளரைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மப்ளர் கட்டியது உண்மை. தண்ணீரே உறையும் இந்த ஊர்க் குளிரில் வேறெதைக் கட்டிக்கொண்டு நிற்பது? முதல் ஆளாக நின்றதும் உண்மை. எட்டு மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் எட்டுக்கு நிற்க வேண்டும். கான்வென்டில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் நான் கேட்டுப் போகவில்லை. நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து மகன் அழைத்தான். மறுநாள், அவன் அழைத்தது தெரியாதவள்போல் மருமகளும் அழைத்தாள்.

கல்யாணம் ஆனதிலிருந்தே அவர்களுக்கு இது ஒரு பழக்கம். குளிர்காலத்தில் எங்கேயும் கூட்டம் இருக்காது என்று, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு ஏதாவது ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். சென்ற வருடம் வரை பின்சீட்டில் பேத்தி. அவள் இப்போது வெளியூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நேற்று ஏரி. படகுகளையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கரையோரத்துத் தண்ணீர் கண்ணாடித் தாள்போல் உறைந்திருந்தது. போகும் வழியில் மருமகள் திரும்பி என்னிடம் சொன்னாள்: “அத்தை, முன் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு. துடைச்சுட்டு ஓட்டச் சொல்லுங்க.”

ஓட்டுகிறவன் அவளுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறான்.

“எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்கம்மா” என்றான் அவன்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். சொன்னேன்.

டிசம்பர் 9

விளையாட்டு இல்லை.

பேத்திக்குப் போன் செய்து கேட்டேன். சிரித்தாள். “பாட்டி, ஸ்கூல் படிக்கிற காலத்துலேர்ந்து அந்த வேலையை நான்தான் பார்த்தேன். இப்ப போஸ்டிங் உங்களுக்கு.” எதனால் தொடங்கியது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கே நினைவிருக்காது என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நான் கிளம்பினா இவங்க ரெண்டு பேரும் என்ன ஆவாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் கிளம்பினேன். கொஞ்சம் பாத்துக்கங்க பாட்டி.”

நானும் காலமான என் கணவரும் சண்டை போடாதவர்கள் அல்ல. ஒருமுறை கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று போட்ட சண்டையில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக் காவலாளி மூச்சிரைக்க ஏறி வந்தார். ஆனால் எங்கள் வாயை நாங்களே பயன்படுத்தினோம்.

கான்வென்டில் ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குச் சேதி கடத்தினால் முட்டி போட வேண்டும். எழுபத்து நான்கு வயதில் எனக்கு அந்த வேலை கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

பழைய மாளிகை ஒன்றை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே போனோம். மூன்று மாடி, ஏகப்பட்ட நாற்காலி, எதிலும் உட்காரக் கூடாது. நடுவில் இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். மகனுக்கு அது போதும். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “மேல ஒரு உருளை தேஞ்சிருக்கு” என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். காவலாளி பாவம், கேட்காமலே கிடைத்த தகவலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

மருமகள் என்னை மேல்மாடி ஜன்னலோரம் அழைத்துப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். நாளெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் பேச்சு நறுக்கென்றுதான் இருக்கும்.

“அத்தை, வேற ஊர்ல கிளை திறக்கிறாங்க. என்னைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. மார்ச்சுல நான் போகப்போறேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. தடுக்கணும்னா இப்பவே தடுக்கச் சொல்லுங்க. அப்புறம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்க வேணாம்.”

இப்படியே போய்ச் சொல்ல முடியுமா? சவால் விடுவதுபோல் இருக்காதா? மாடிப்படி இறங்குவதற்குள் யோசித்து, அவனிடம் ஒழுங்காகச் சொன்னேன்: “புதுக் கிளைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். மார்ச்சுல போகலாமான்னு உன்னைக் கேக்கச் சொன்னா.”

அவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். “நான் போகாதேன்னா நின்னுடப்போறாளா? போகட்டும். எனக்கென்ன.”

மேலே வந்து அவளிடம், “தாராளமா போயிட்டு வரட்டும்னு சொல்றான்” என்றேன்.

“ஓ” என்றாள்.

இரண்டு பக்கமும் முள் நீக்கியாகிவிட்டது. வரும் வழியெல்லாம் காரில் அமைதி. இன்று ஓர் உபகாரம் செய்தோம் என்ற திருப்தியோடு இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 28

முழங்கால் வலி. போகவில்லை. அவர்களும் போகவில்லையாம். பின்சீட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்தக் கார் நகராது போலிருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

உறைந்த அருவி. விழுகிற கோலத்திலேயே நின்றுபோயிருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் எடுக்கவில்லை. துடைத்த மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல அத்தை. தாராளமா போகட்டும்னு எவ்வளவு சுலபமா சொல்லிட்டார் பாத்தீங்களா? இத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை, ஏன் போறேன்னு கேக்கக் கூடாதா?”

மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். குளிரால் அல்ல.

திரும்பும்போது அவள் முகம் கழுவப் போயிருந்தாள். அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்: “போகலாமான்னு அவ கேக்கிறான்னு சொன்னீங்களேம்மா. வெள்ளிக்கிழமை கையெழுத்தே போட்டுட்டாளாம். கடையில கூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்லித் தெரியுது. கேக்கிறவ பதிலுக்கு நிக்க மாட்டாளா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் வந்து காரில் ஏறிவிட்டாள்.

ஜனவரி 5

தூக்கமில்லை. அவள் சொன்னதில் நான் விட்டவற்றில் ஒரு வாக்கியம்தான் குடைகிறது. தடுக்கணும்னா இப்பவே தடுக்கச் சொல்லுங்க. அதை அகங்காரம் என்று நினைத்தேன். அவள் சொல்ல வந்ததே அது ஒன்றுதானோ?

அவன் சொன்னதில் குடைவது ஒரே வார்த்தை. எனக்கென்ன. அதைக் கேட்டிருந்தால் அவள் கொதித்திருப்பாள். கொதித்தவள் நேராக அவனிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாள்.

நான் என்ன நீக்கினேன்? முள்ளையா, உயிரையா?

ஜனவரி 18, ஞாயிறு

மலையில் ரோப் கார். காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்று, “நான் மேல வரல. ரெண்டு பேரும் போங்க” என்றேன்.

“முழங்கால் வலிக்குதா அத்தை?”

“முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல. நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னது எதுவும் நீங்க சொன்னது இல்ல. மாத்திச் சொன்னேன். அன்னைக்கு அந்த மாளிகையில என்ன சொன்னீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் நேரா கேட்டுக்கங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர், “ஏறுங்க சார், கதவு மூடப்போகுது” என்றார். ஏறிவிட்டார்கள்.

கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பாதி தூரம் போயிருக்கும். காற்று எழும்பியது. கேபின்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. கம்பியில் காயப்போட்ட துணிபோல் ஆடின.

டிக்கெட்காரர் வந்து, “பயப்படாதீங்கம்மா, காத்து அடிச்சா நிறுத்தி வைப்பாங்க. கொஞ்ச நேரத்துல ஓடும். மேல யாரு?” என்றார்.

“மகனும் மருமகளும்.”

“நல்ல ஜோடின்னா பரவால்ல. சண்டைக்கார ஜோடின்னா கஷ்டம், கேபின் சின்னது.”

“சண்டை போடணும்னுதாம்ப்பா அனுப்பியிருக்கேன்.”

அவர் என் தேநீரில் வேறு ஏதும் கலந்திருக்கிறதா என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எந்தக் கேபின் அவர்களுடையது என்று தெரியவில்லை. அவனுக்கு இரும்புக் கயிற்றின் சத்தம் தெரியும். பயப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருப்பானா? நேராகச் சொல்லியிருப்பானா? வேறு யாரிடம் சொல்வான், அங்கே மூன்றாவது ஆள் கிடையாது.

இறங்கி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அவன் உதடு வெளுத்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்கள்.

“தடுக்கணும்னா தடுன்னு சொன்னாளாமேம்மா. அதை ஏன் முழுங்கினீங்க?”

“எனக்கென்னன்னு சொன்னாராமே. அதை ஏன் அத்தை தேன் தடவிக் குடுத்தீங்க?”

பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கம் நான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மப்ளரைச் சரிசெய்துகொண்டேன்.

வரும் வழியில் ஒரு வளைவில் அவள், “மெதுவா போங்க” என்றாள். என்னிடம் அல்ல.

ஜனவரி 25

வரவில்லை. போனும் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

என் கணவரின் அக்கா போன். “நீ நடுவுல புகுந்து ரெண்டு பேரையும் பிரிச்சுட்டியாமே? மருமக பெட்டி கட்டுறாளாமே?”

நான் பிரிச்சேனா? எனக்கு என்ன ஆசை? அவ இல்லாம அந்த வீடு வீடா? எனக்குக் கண்ணு மங்கினப்ப, ஆஸ்பத்திரியில காத்துக்கிடக்க விடாம, கடைய அடைச்ச பிறகு தனியா உக்கார வச்சுப் பார்த்துப் பார்த்து லென்ஸ் மாத்தினவ அவ. பெத்த பொண்ணு இருந்தா அவ்வளவு பொறுமையா செஞ்சிருப்பாளான்னு தெரியல. இவங்களுக்கு என்ன தெரியும்—

போதும், இதெல்லாம் மனதுக்குள். “ஆமா, நான் மாத்திச் சொன்னேன். அதை நானே அவங்ககிட்ட சொல்லிட்டேன். மீதியை அவங்ககிட்ட கேளுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். எண்பது வயதுக்காரரிடம் முதல் தடவையாகப் போனை நான் முதலில் வைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

மகன் வந்தான். வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் வாடையோடு. நான் கையைக் கழுவச் சொன்னேன், கழுவினான். எதுவும் மாறாததுபோல் இருந்தது.

“அவ மார்ச்சுல போறாம்மா. நீங்க என்கூட வந்து இருங்க. வீடு வெறிச்சோடிப் போயிடும்.”

“அந்த ஊர்ல லிஃப்ட் கிடையாதா?”

“எல்லா ஊர்லயும் இருக்கும்மா.”

“அப்புறம்?”

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “அவ வான்னு கூப்பிடலையே.”

பிப்ரவரி 12

மருமகள் போன். “கோபம் போயிடுச்சு அத்தை. அங்க ரெண்டு ரூம் வீடு பார்த்திருக்கேன். நீங்க என்கூட வந்துடுங்க.”

பின்னால் மகனின் குரல்: “சார்ஜரை எங்க வச்ச?” அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் நான்தான் வச்சேனா? உங்க பையில பாருங்க!” என்று கத்தினாள். அவன் பதிலுக்குக் கத்தினான். நன்றாக, கூச்சமில்லாமல், நேருக்கு நேர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவனையும் கூப்பிடேன்” என்றேன்.

“வர்றேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலையே அத்தை.”

அவ கூப்பிடலையே. அவர் சொல்லலையே. இரண்டும் என் கையில் இருக்கிறது. ஒரு நிமிடப் பேச்சு. இதை அங்கேயும் அதை இங்கேயும் சொன்னால் போதும். நுனிநாக்கு வரை வந்தது.

சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நான் செய்த வேலைகளிலேயே இதுதான் மிகக் கடினம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில் கொஞ்சம் வந்திருக்கிறது. பக்கத்துக் குடித்தனத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்து, நான்காவதை அனுப்பினேன். உறையின் மேல் இருவர் பெயரையும் சேர்த்து எழுதினேன். நகல்:

“மகனுக்கும் மருமகளுக்கும்,

நீங்கள் இருவரும் என்னைத் தனித்தனியே அழைத்தீர்கள். இருவருக்கும் நன்றி. தனித்தனி அழைப்புக்கு நான் வருவதாக இல்லை. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் நான் இருந்தால், மற்றவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மறுபடியும் என்னிடம் வந்து சேரும். என்னை நான் அறிவேன், திருத்தாமல் கொண்டுபோக மாட்டேன்.

நான் மாற்றிச் சொன்னதற்கு வருந்துகிறேன். ரோப் காரடியில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருவரிடம் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் இருவரிடமும் பாக்கி இருக்கிறது. அது என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டு முடித்த பிறகு எனக்கு ஒன்றைத் தெரிவியுங்கள்: மார்ச்சுக்குப் பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் வீடு எது? அப்படி ஒரு வீடு இருந்தால் அங்கே வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருக்கிறேன், அதற்காக யார்மீதும் வருத்தம் இல்லை.

போனில் சொல்ல வேண்டாம். பேத்தியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ஒரே தாளில், இருவரும் அவரவர் கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்பவும்.”