கறுப்புத் தாழ்ப்பாள்

மதினி,

இன்று காலை பெயிண்டர் சில்வர் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் அந்த வாடை குப்பென்று அடித்தது. நடு வீட்டுத் தாழ்ப்பாளில் பிரஷை வைக்கப் போனவரிடம், "அதுக்குக் கறுப்பு அடிங்கண்ணே" என்றேன். ஊரெல்லாம் சில்வர்தானே அடிக்கிறார்கள் என்று சிரித்தார். நீங்கள் இருந்திருந்தால் அவருக்கு டீயும் கொடுத்துக் காரணமும் சொல்லியிருப்பீர்கள்.

ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் இந்த மூன்று வீட்டு லைனை நாம் சேர்ந்து வாங்கியபோது, நான் வாடகையை மட்டும்தான் கனவு கண்டேன். நீங்களோ வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்கள். மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போய்க் கூரையைப் பார்த்தீர்கள். வருஷத்தில் ஒரு மாசமாவது வீடு பூட்டிக் கிடக்கும், அதற்குத் தாங்குமா என்று கேட்டீர்கள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி அடைத்திருக்கும்போது வாடகையை ஏற்றினால் நல்ல ஆட்கள் போய்விடுவார்கள் என்றீர்கள். வீடு வாங்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா என்று அண்ணனிடம் உங்களைக் கோள் சொன்னேன்.

அப்புறம், நீங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் நான் செய்த காரியம். நடு வீட்டுக்கு இரட்டை வாடகை தருவதாக ஒருவர் வந்தார். காலண்டர் அட்டை வைக்கத்தான் என்றார். ஒப்பந்தம்கூட எழுதாமல் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஊர் திரும்பியதும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கதவு பூட்டியிருந்தது. தாழ்ப்பாளை விரலால் தடவி முந்தானையில் துடைத்தீர்கள். சேலையில் வெள்ளி மினுங்கியது. நான் தினமும் பார்த்த தாழ்ப்பாள்தான். சில்வர் பெயிண்டின் மேல் வெள்ளிப் பொடி என் கண்ணுக்குத் தெரியவில்லை. தாயில்பட்டி கம்பெனியில் வருஷக்கணக்காக அந்தப் பொடியில் கிடந்த கை உங்களுடையது.

"இது பெயிண்ட் இல்ல தாயி, மருந்து. உள்ள வச்சு வெடி கட்டுறாக."

இரண்டு பக்கமும் ஒரே சுவர், பிள்ளைகுட்டியோடு இரண்டு குடும்பங்கள். நீங்கள் சத்தம் போடாமல் அடுப்பை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போன் செய்தீர்கள். வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனவர்கள், சாவி கொடுத்தது யார் என்று ஸ்டேஷனில் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டீர்கள்.

"வீடு ரெண்டு பேருக்கும்தான். சாவியும் ரெண்டு பேரும்தான் குடுத்தோம்."

வழியெல்லாம் திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். நீங்களோ மறுநாள் கறுப்பு பெயிண்டோடு வந்து நின்றீர்கள், கறுப்பில் பொடி ஒளிய முடியாது என்று.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, போன வாரம் மறுபடியும் ஒருவர் இரட்டை வாடகை என்று வந்தார். என்ன வைப்பீர்கள், தினமும் கதவைத் திறந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். அதோடு ஆளைக் காணோம். அச்சாபீசில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு, ஒப்பந்தம் எழுதி, பழைய வாடகைக்கே விட்டிருக்கிறேன். சாயங்காலம் சாவி வாங்கும்போது, வீட்டுக்காரர் நீங்கள் ஒருவர்தானா என்று கேட்டாள்.

"இல்லத்தா, ரெண்டு பேரு" என்றேன்.