நம்பர் மேல வெச்ச பொட்டு

மாசி 3. 2014.

காலையில பனி. எதிர் வீடு தெரியல. ரேஷன் கடைக்குப் போகணும், போகல. முட்டி வலி.

மிஷின் மறுபடி நின்னுபோச்சு. துவைக்கிற தொட்டி ஓடுது. பிழியிற தொட்டி உர்ருன்னு சத்தம் மட்டும், சுத்தல. எரிஞ்ச வாசனை வேற. ரெண்டு போர்வையும் தண்ணியோட உள்ள. அவரும் நானும் ஆளுக்கு ஒரு முனை புடிச்சி முறுக்கினோம். என் மணிக்கட்டு விண்ணுன்னு தெறிச்சிது. முகத்தத் திருப்பிக்கினேன். அவரு பாத்துட்டாரு.

இந்தக் கைக்காகத்தான் மிஷினே வந்திச்சு. முந்தின வருஷம் கொல்லையில வழுக்கி வுழுந்து எலும்பு விட்டுப்போனது. கட்டுப் பிரிச்சும் துணி பிழிய வரல. நான் முனகினத கேட்டிருக்காரு போல. யார்கிட்டயும் சொல்லாம ஆடித் தள்ளுபடியில தனியா விழுப்புரம் போயி வாங்கிக்கினு வந்தாரு. பொண்ணு கலா விழுப்புரத்துலதான் வாழறா, அவளக் கூட கூப்பிடல. கடையில இருந்ததுலயே வெல கம்மி இதான். ஆனா சிவப்பு மூடி. அவரு ஓட்டின பஸ்ஸு கலரு.

மெக்கானிக் இதுவரைக்கும் வந்து சொன்னது:
கார்த்திகையில, கரண்டு சரியில்ல.
மார்கழியில, திண்டிவனத்துத் தண்ணி உப்பு.
பொங்கலுக்கு அப்புறம், துணி ஜாஸ்தி போடறீங்க.

ஒரு தபா கூட இன்னா ரிப்பேருன்னு எழுதிக் குடுக்கல. கடைசியா வந்தப்ப என் மல்லாட்டை உருண்டைய, வேர்க்கடலையும் வெல்லமும் சேத்துப் புடிச்சத, நல்லா தின்னுட்டுப் போனான். அத மறக்கல.

மாசி 5.

வெயில். வத்தல் போட்டேன். காக்கா ஓட்ட ஆளில்ல.

மெக்கானிக் வந்தான். மிஷின முன்னால இழுத்து பின்பக்கம் டார்ச் அடிச்சான்.

"ஆயா, நம்பர் எங்க?"

"எந்த நம்பரு?"

"இந்த ஸ்டிக்கர்ல மிஷின் நம்பர் இருக்கும் ஆயா. வெள்ள வெளேர்னு துடைச்சி வெச்சிருக்கீங்க. நம்பர் இல்லன்னா கம்பெனி ஒத்துக்காது. வாரண்டி கேன்சல்."

ரெண்டு வருஷத்துக்கு எதுன்னாலும் நாங்க பாத்துக்கறோம்னு சொன்ன கடை. ஒரு வருஷம் கூட ஆவல.

எனக்கு உடனே புரிஞ்சிபோச்சு. போன ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சது அவருதான். முன்னாடி ஒண்ணு வெச்சாரு. அப்புறம் பின்னாடி போயி அந்த ஸ்டிக்கர் மேல ஒண்ணு. இன்னாங்க பின்னாடி யாரு பாக்கப்போறான்னு கேட்டேன். "பஸ்ஸுக்கு நம்பர் பலகை மேல வெக்கிறதில்ல? அதுதான வண்டிக்கு நெத்தி"ன்னாரு. அடியில இருக்கிற ரெண்டு சின்ன சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வேற. மறுநாள் கறை போவலன்னு மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் துடைச்சாரு, பஸ்ஸத் துடைக்கிற மாதிரியே. கறையோட நம்பரும் போயிருக்குது.

மெக்கானிக் போன பின்னாடி அவரு மூஞ்சி செத்துப்போச்சு. "என் கையாலயே கெடுத்துட்டேன்." அவ்ளோதான் சொன்னாரு. ராத்திரி ரசம் மட்டும்.

மாசி 8.

விழுப்புரம் போனோம். பஸ்ஸுல கூட்டம். எனக்கு சீட்டு, அவரு நின்னுக்கினே வந்தாரு.

கடை மேனேஜரு சின்ன வயசு. கேட்டதும் சிரிச்சான். "இன்னா பெருசு, மிஷினுக்குக் கல்யாணமா பண்ணி வெச்சீங்க? அடுத்து வளைகாப்புக்கும் சொல்லுங்க." கடைப் பசங்க எல்லாரும் சிரிக்கிறானுங்க. இவரும் கூடவே லேசா சிரிச்சாரு. அந்தச் சிரிப்பத்தான் என்னால தாங்க முடியல.

நான் வுட்டனா? "வாங்க வந்தப்ப ஐயான்னு சொல்லி நாற்காலி போட்டியாம், காப்பி குடுத்தியாம். இப்ப பெருசா? நீ வித்த மிஷினு உனக்கு அடையாளம் தெரியலன்னா நீ இன்னாத்துக்குக் கடை வெச்சிருக்கிற?"ன்னு கேட்டேன். "நம்பர் இல்லாம யார் மிஷினோ, எனக்கு இன்னா தெரியும் ஆயா"ங்கிறான். நீல சட்டை. இடது பக்கத்து மீசைய மட்டும் நீவறான். எங்க பாத்தாலும் கண்டுபுடிப்பேன்.

திரும்பி வர்றப்போ விக்கிரவாண்டி டோல்கேட்டுல வண்டி நின்னு நின்னு போச்சு. டிரைவரு கியர் மாத்தறதுல தடதடன்னு ஒரே சத்தம். எப்பவும் இவரு "படுபாவி, கியர் பொட்டிய ஒடைக்கிறான்"னு திட்டிக்கினே வருவாரு. இன்னிக்கு வாய் தெறக்கல. ஜன்னல் வழியா பாத்துக்கினே வந்தாரு.

மாசி 11.

பிரம்மதேசத்துல சின்னம்மா பேரனுக்குக் காது குத்து. போய்ட்டு சாயந்தரம் வந்தேன். வடை நல்லா இல்ல.

கொடியில என் புடவையெல்லாம் காயுது. யாருங்க துவைச்சதுன்னு கேட்டேன்.

"மிஷின்தான். திடீர்னு ஓடிச்சு."

புடவையத் தொட்டுப் பாத்தேன். பிழிஞ்ச முறுக்கு அப்டியே நிக்குது. காபி டம்ளர் வாங்கின அவரு வெரலு பத்தும் சோப்புத் தண்ணியில ஊறிச் சுருங்கிக் கெடக்குது. முதுகு நிமிர முடியல அவருக்கு, செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கிறாரு.

ஓடிச்சான்னேன். ஓடிச்சின்னாரு. சரின்னுட்டேன். தைலம் எடுத்தாந்து எனக்குத்தான் வலிக்குதுன்னு சொல்லி என் முட்டிக்குக் கொஞ்சம் தேய்ச்சிக்கினு, கையோட அவரு முதுகுக்கும் தேய்ச்சி வுட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போயி எத்தன நாளாச்சு. பழைய டிரைவருங்க கண்டக்டருங்க எல்லாம் அங்கதான் ஒக்காருவாங்க. மிஷின் வாங்கின அன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தவரு. இப்ப கேட்டா தலவலிங்கிறாரு. மிஷினு போனா போவட்டும். இவரு இப்டி தல குனிஞ்சிக்கினு கெடக்கக் கூடாது.

மாசி 12.

கலாவுக்குப் போன் போட்டேன். பேத்திக்குப் பல்லு வுழுந்துடுச்சாம்.

எல்லாம் சொன்னேன். அவ கத்தினா. "வாரண்டி அட்டையில இருக்கிறதப் படிச்சியாம்மா? பொட்டு வெக்கக் கூடாதுன்னு இருக்குதா? நுகர்வோர் கோர்ட்டுல மனு குடுக்கலாம். வக்கீல் கூட வேணாம், நாமளே பேசலாம். நான் எழுதறேன்."

பில்லு இருக்குதான்னு கேட்டா. அரிசிப் பானைக்கு அடியில பத்திரமா இருக்குது. அதுல மிஷின் நம்பர் போட்டிருக்கான்.

"அப்ப மிஷின் வந்த அட்டைப் பொட்டி? அதுலயும் அதே நம்பர ஒட்டியிருப்பாங்க. பொட்டியும் பில்லும் ஒத்துப்போனா அவன் ஒண்ணும் பேச முடியாது. பொட்டி எங்கம்மா?"

பொட்டி. மல்லாட்டை கொட்டி வெக்கலாம்னு நான் ஆசையா வெச்சிருந்த பொட்டி. இவரு தூக்கி பட்டம்மாவுக்குக் குடுத்துட்டாரு. அதுக்கே ஒரு வாரம் சண்ட போட்டேன்.

பட்டம்மா பக்கத்து வீடு. தொண்ணூத்தாறுல கலா மஞ்சத்தண்ணி விசேஷத்துல, பந்தியில ஒக்காந்துக்கினு, ஊரே கேக்க, "சாம்பாரா இது, கை கழுவுற தண்ணியா"ன்னா. அன்னியிலேர்ந்து பேச்சில்ல. அவ வூட்டுக்காரரு செத்தப்போ போனேன், அழுதேன், பேசல.

மாசி 13.

போனேன். வேற இன்னா செய்யிறது.

படியில நின்னு "பட்டம்மா"ன்னேன். வாய் ஒட்டிக்கிச்சு.

எட்டிப் பாத்தா. "யாரு, அக்காவா? வழி தவறிட்டியா?"

"பொட்டி வேணும்."

"எந்தப் பொட்டி?"

"மிஷின் பொட்டி."

"ஐய, அதுல கோழி அடை ஒக்காந்துக்கினு இருக்குதே க்கா. இப்ப நகத்தினா முட்டையெல்லாம் கூமுட்டையாப் பூடும்."

திரும்பிடலாம்னு இருந்தேன். அவரு அந்தக் கடையில சிரிச்ச சிரிப்பு ஞாபகம் வந்திச்சு. உள்ள போயி ஒக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். முடிச்சதும் எழுந்து போயி அரிவாமனைய எடுத்தாந்தா.

"கோழி இருக்கட்டும். நம்பர் ஒட்டின பக்கத்த மட்டும் அறுத்துக்கலாம். நீ கோழியப் பாத்துக்க, கொத்தும்."

அவ அறுக்கிறா, நான் கோழி முன்னால முறத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். கோழி என்ன மொறைக்குது. பாதி அறுத்துட்டு, தல நிமிராம சொல்றா:

"ஆனா க்கா, அன்னிக்கு சாம்பாரு தண்ணியாதான் இருந்திச்சு."

எனக்கு வந்திச்சு பாரு கோவம். வாயத் தெறந்தா சிரிப்பு வந்துடுச்சு. அவளும் சிரிக்கிறா. கோழி கத்துது. அறுத்த எடத்துல பழைய புடவையக் கட்டி மறைச்சி வுட்டோம்.

அட்டையில கோழி எச்சம். நம்பர் தெளிவா இருக்குது. பில்லோட வெச்சிப் பாத்தேன், ஒவ்வொரு எழுத்தா. அப்டியே இருக்குது.

சாம்பாரு விஷயம் மறக்கல. மறக்கப்போறதும் இல்ல. கோழிக்கு ரெண்டு பிடி கேப்பை குடுத்தனுப்பினேன்.

மாசி 17.

கலா மனு குடுத்துட்டா. அவருகிட்ட சொன்னேன். "வேணாம். அங்கயும் பத்துப் பேரு சிரிப்பான்"னாரு. நான் போறேன், நீங்க வர வேணாம்னேன்.

ஆனி 10.

புழுக்கம். ஒரு பொட்டு மழையில்ல.

கோர்ட்டுக்குப் போகணும். காலையில பஸ் ஸ்டாண்டுல நானும் பட்டம்மாவும். (அவளா கிளம்பிட்டா. "பொட்டி என் வூட்டுலதான இருந்திச்சு, நான் சாட்சி"ங்கிறா.) பஸ்ஸு எடுக்கிற நேரத்துல அவரு ஏறினாரு. இஸ்திரி போட்ட சட்ட. என்னப் பாக்காம முன்சீட்டுல டிரைவரு பக்கத்துல போயி ஒக்காந்துட்டாரு.

கோர்ட்டு ஒண்ணும் பெருசா இல்ல. ஃபேனு சத்தம். கண்ணாடி போட்ட ஒரு ஜட்ஜ் அம்மா நடுவுல. அந்த நீல சட்டக்காரன் இன்னிக்கு வெள்ள சட்டயில வந்திருந்தான். மீசைய நீவினான், தெரிஞ்சிடுச்சு.

அவன் அதையே சொன்னான். நம்பர் இல்ல, எங்க மிஷின்னு சொல்ல முடியாது.

பையிலேர்ந்து அட்டைய எடுத்து வெச்சேன். பில்லையும். அந்தம்மா ரெண்டையும் பாத்தாங்க. "இது இன்னா கறை?"ன்னாங்க. கோழிம்மான்னா பட்டம்மா பின்னாலேர்ந்து.

அப்பவும் அவன் வுடல. "பொட்டி எங்களுதுதான் மேடம். உள்ள இருந்த மிஷின் அதுதான்னு எப்டி சொல்றது?"

"உங்க பொட்டியில வேற மிஷின் வந்திருந்தா அதுவும் உங்க தப்புதான?"ன்னாங்க அந்தம்மா. அவன் கை மீசையிலேர்ந்து எறங்கிடுச்சு.

அப்புறம் என்னப் பாத்து, "நம்பர யாரு அழிச்சது?"ன்னாங்க.

"நான்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன்"ன்னேன். பஸ்ஸுல வர்றப்பவே முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

"இல்லீங்க." பின்னாடி அவரு எழுந்து நிக்கிறாரு. "அவ பொய் சொல்றா. நான்தான் பொட்டு வெச்சித் துடைச்சேன். வருஷா வருஷம் பஸ்ஸுக்கு வெச்ச கைங்க இது. ஒரு நாளும் வண்டி நடு ரோட்டுல நின்னதில்ல. அந்த நெனப்புல வெச்சிட்டேன். அவளுக்குக் கை வலிக்குதேன்னு வாங்கினதுங்க. நல்லா ஓடணும்னுதான் வெச்சேன்."

ஒருத்தரும் சிரிக்கல. அந்தம்மா கண்ணாடியக் கழட்டினாங்க. கடைக்காரன்கிட்ட வாரண்டி அட்டைய நீட்டி, "பொட்டு வெச்சா செல்லாதுன்னு எங்க எழுதியிருக்கீங்க? காட்டுங்க"ன்னாங்க. அவன் புரட்டினான், புரட்டினான்.

அவனே மாத்திக் குடுத்துடறேன்னு ஒத்துக்கிட்டான். ஒரு மாசத்துல புது மிஷினு. அத எழுதி வாங்கிட்டாங்க.

வெளிய வந்தோம். மேனேஜரு "ஐயா, மனசுல வெச்சிக்காதீங்க"ன்னான். இவரு சரிப்பான்னுட்டாரு. நான் சொல்லல.

திரும்பி வர்றப்போ டிரைவரு கியர தடதடன்னு மாத்தினான். "படுபாவி, கியர் பொட்டிய ஒடைக்கிறான்"னாரு. பட்டம்மா பயந்துட்டா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். கண்ணுல தூசி.

ஆடி 6.

காத்து. கொடியில துணி நிக்கல.

மிஷின் வந்திச்சு. பச்ச மூடிதான் இருக்குதாம், சிவப்பு இல்லியாம். பரவால்லன்னாரு. பிழியிற தொட்டி சுத்திச்சு. சத்தம் கேட்டுக்கினே ரெண்டு பேரும் நின்னோம். சாயந்தரம் டீக்கடைக்குப் போனாரு, வர நேரமாச்சு. திட்டினேன்.

பொட்டிய யாருக்கும் குடுக்கல. மல்லாட்டை கொட்டியாச்சு.

புரட்டாசி 16. ஆயுத பூஜை.

மேகம். பூ வெல அநியாயம். பொரி வாங்கணும், வாழக்கன்னு ரெண்டு. பட்டம்மா சுண்டல் குடுத்தனுப்பினா. உப்பு கம்மி. சொல்லணும்.

அரிவாமனை, கத்தரிக்கோல், அவரு பழைய டிரைவர் பேட்ஜி, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. மிஷினுக்கு முன்னாடி ஒண்ணு வெச்சாரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாரு. அப்புறம் சந்தனக் கிண்ணத்தோட பின்பக்கம் போயி நின்னாரு. நின்னுக்கினே இருக்கிறாரு. கையில சந்தனம் காயுது.

"இன்னாங்க நிக்கிறீங்க. வைங்க. கலா இங்க வந்திருந்தப்பவே நம்பரப் போன்ல போட்டோ புடிச்சிக்கினா."

"வேணாம், எதுக்கு பேஜாரு."

"நெத்தி காலியா இருக்கக் கூடாது. வைங்க."

வெச்சாரு. சின்னதா, நம்பருக்கு ஒரு வெரல் மேல. வெரல்ல மீந்த சந்தனத்த என் மணிக்கட்டுல தடவினாரு. சில்லுன்னு இருந்திச்சு.

துணி ஊற வெச்சது அப்டியே கெடக்குது. போடணும்.