நிலவறையில் மூன்று கட்டுகள்

ஜூலை 21, திங்கள்

மூன்றாவது வாரம். நான்கு பெட்டிக் கடிதங்கள், பதினேழு தெருக்கள், ஒரு சைக்கிள். இதே சுற்றை நிரந்தரத் தபால்காரர் ஒன்றரை மணிக்கு முடித்துவிடுவாராம். அவர் விடுமுறையில் கடற்கரையில் கிடக்கிறார், நான் நாலு மணிக்கும் தெருவில் நிற்கிறேன்.

மேற்பார்வையாளர் ஹார்ம்ஸ் இன்று பக்கத்தில் வந்து சொன்னார்: "மிச்சம் திருப்பிக் கொண்டு வந்தா அடுத்த வாரம் வர வேண்டாம்மா. விடுமுறை வேலைக்கு இருபது பேர் காத்திருக்காங்க." குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

வேலை வாங்கிக் கொடுத்தது ஹென்னர். அவனும் ஹார்ம்ஸும் ஒரே படகு கிளப். ஹென்னரின் மனைவி யோர்டிஸ் என் பள்ளித் தோழி. பல்கலைக்கழகம் திறக்கும்வரை, கோடை முழுக்க அவர்கள் வீட்டு சோபாதான் என் படுக்கை. என்னைத் துரத்தினால் தலைகுனிவு எனக்கு மட்டுமா?

ஜூலை 24, வியாழன்

முப்பத்தாறு டிகிரி. மூன்றரைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் ஒரே கட்டு, எங்கள் தெருவுடையது. எப்படியும் வீட்டுக்குத்தானே போகிறோம், குளித்துவிட்டுப் போடலாம் என்று பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சோபாவில் சாய்ந்ததுதான் தெரியும். அவர்கள் குழந்தை லோட்டே என் கால் கட்டைவிரலைக் கடித்து எழுப்பினாள். மணி எட்டு.

எட்டு மணிக்குத் தபால் போட்டால் பதினாலாம் நம்பர் வீட்டுப் பெரியவர் டிரையர் விடுவாரா? மனிதர் வேலியோரமே குடியிருக்கிறார். நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். கட்டு நிலவறையில், ஹென்னரின் பனிச்சறுக்குப் பலகைகளுக்குப் பின்னால்.

ஜூலை 26, சனி

நேற்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. மூன்று கட்டு ஆகிவிட்டது. ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமை கட்டாயம்.

ஜூலை 28, திங்கள்

டிரையர் வேலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "போன வியாழக்கிழமையே என் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்திருக்கணும். முப்பது வருஷமா தவறினதில்ல. புகார் எழுதிப் போட்டுட்டேன், தெரிஞ்சுக்க."

இனி போட்டால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். என்ன சொல்வது?

ஜூலை 29, செவ்வாய்

ஹார்ம்ஸ் கேட்டார்: "வியாழக்கிழமை எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சரி, அந்தப் பெரியவருக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன். சே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

யோர்டிஸ் தினமும் வாசலிலேயே வம்புக்கு இழுப்பாள்: "என்ன தபால்காரம்மா, ஊருக்கெல்லாம் குடுக்கற, சோறு போடறவளுக்கு ஒண்ணும் கிடையாதா?" இன்று சிரிக்காமல் கேட்டாள். லோட்டேக்குக் குழந்தைகள் பகல் காப்பகத்தில் இடம் உண்டா இல்லையா என்று நகராட்சியிலிருந்து கடிதம் வர வேண்டும். செப்டம்பர் ஒன்றாம் தேதி அவள் ஆய்வுக்கூட வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

"இடம் கிடைக்கலேன்னா என் வேலை அவ்வளவுதான், ஃபிராங்கா. அந்த இடத்துல இப்ப இருக்கறவ எப்படா நான் வராம இருப்பேன்னு பாத்துட்டிருக்கா."

அந்தக் கட்டுகளில் இருக்குமோ? இருக்காது. ஜூலை கடைசியில்தான் அனுப்புவார்கள். கீழே போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. போகவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் வீட்டுக்குள் நுழையும்போது யோர்டிஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள், போன் மடியில். நகராட்சிக்கு அவளே கூப்பிட்டிருக்கிறாள். ஹென்னர் பக்கத்தில் நின்றிருந்தான்.

"போன மாசம் இருபத்து மூணாம் தேதியே அனுப்பிட்டாங்களாம். நமக்கு இடம் குடுத்திருக்காங்க, ஹென்னர். ஆறாம் தேதிக்குள்ள பதில் வரலேன்னு வேற குழந்தைக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க."

"தபால்ல எங்கயோ தொலைஞ்சிருக்கும்" என்றான் ஹென்னர். என்னைப் பார்த்து, "நீயும்தான் என்ன பண்ணுவ பாவம்" என்றான். அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியவில்லை.

கீழே போனேன். முதல் கட்டு, நான்காவது உறை. மேலே கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் மூன்று கட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"தினமும் உன்னைக் கேட்டேனேடி" என்றாள் யோர்டிஸ். "கேட்டப்பல்லாம் இது என் காலுக்கடியிலதான் இருந்துச்சா?"

ஹென்னர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கட்டுகளை ஹார்ம்ஸின் மேசைமேல் வைத்தேன். தபால்காரர் மஞ்சள் சட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார். "இது வேலை போறதோட முடியாதும்மா, போலீஸ் வரைக்கும் போகும். ஹென்னர் உன்னைப் பத்தி எவ்வளவு நல்லாச் சொன்னான்." அந்தக் கடைசி வரிக்குத்தான் அழுதேன்.

பிறகு யோர்டிஸோடு நகராட்சி. தப்பு என்னுடையதுதான் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். "இது இருக்கறதால பட்டியல்ல முதல்ல வைக்கலாம். ஆனா குடுத்த இடத்தைப் பிடுங்க முடியாது. இனி ஜனவரிதான்."

திரும்பும் வழியெல்லாம் யோர்டிஸ் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பையைக் கட்டிவிட்டேன். நான் படிக்கும் ஹால்லே ஊருக்கு ரயில் பத்து இருபதுக்கு. ஷூ மாட்டும்போது யோர்டிஸ் லோட்டேயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஊருக்கு. இங்க எப்படி இனிமே..."

"ரொம்ப சௌகரியம். செப்டம்பர் ஒண்ணாம் தேதி இவளை யார் பாத்துக்கறது? உங்க பல்கலைக்கழகமா?"

"மன்னிச்சுடுடி."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். ஜனவரி வரைக்கும் இரு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு செமஸ்டர் போகும். முதலில் கோபம் வந்தது. யார்மேல்? ஷூவைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செமஸ்டர் விடுப்புக்கு எழுதிப்போட்டேன். ஹென்னர் இப்போது சாப்பாட்டு மேசையில் ரொட்டியை என் பக்கம் நகர்த்தி வைக்கிறான்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஆறே முக்கால். யோர்டிஸ் எல்லாம் சொன்னாள்: கஞ்சி எவ்வளவு, தூக்கம் எப்போது, பல் முளைக்கும் இடத்தில் எதைத் தடவுவது. லோட்டேயை என் கையில் கொடுத்தாள். குழந்தை அழவில்லை, என் காதைப் பிடித்துக்கொண்டது. "ஏதாவதுன்னா உடனே கூப்பிடு" என்று படி இறங்கினாள்.

பாதிப் படியில் நின்று மேலே வந்தாள். எதையோ மறந்துவிட்டாள் என்று வழிவிட்டேன். கதவோரம் கொக்கியில் தொங்கிய வீட்டுத் தபால் பெட்டியின் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். லோட்டேக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.