பூத்தில் எடுத்துக்கொடுத்த பேர்

பெங்களூர், 8.3.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் மறதிக்கு, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிற மருந்தைப் பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மூளைச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. மருந்து அதை அடக்கினால் செல் பிழைக்கிறது, என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அதே புரதம் இதயத்திலும் இருக்கிறதே! போன வாரம் இதயம் நின்று ஏழு எலிகள் செத்தன. எட்டாவதாக அம்மாவை வைக்கச் சொல்கிறீர்களா?

மருந்தின் இந்தக் குறை சரியாகும்வரை நான் இந்த வேலையை விடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொரட்டூர் ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா என்னோடு போனில் பேசியபோது, பக்கத்தில் நின்று நீங்கள் என் பேரை மெதுவாக எடுத்துக்கொடுத்தது எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை வருகிறேன். அப்போது எடுத்துக்கொடுக்காதீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் நான் யாரென்று அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மூத்த மகள்